ஓடும் தரவுக்கு ஓர் ஐந்தொகை

எங்கள் பூர்வீக வீட்டின் பட்டாலையை ஒட்டிய அறையில், துணியில் மூட்டையாகக் கட்டிய பழைய கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. ரங்கூனில் நடந்த கடையின் கணக்குகள் அவை. சிறுவயதில் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவாகப் படிக்கக் கிடைத்த சொல், ஏட்டின் இறுதியில் பெரிய எழுத்தில் இருந்த ‘ஐந்தொகை’ என்பதுதான். அன்றாடம் சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றி, பேரேட்டைக் கூட்டி ஐந்தொகை எடுத்துவிட்டால், கடையின் நிலையை அறிய மறுபடியும் சிட்டையைப் புரட்ட வேண்டியதில்லை என்று பெரியப்பா சொல்வார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வீட்டில் நாற்பது சென்சார்களை மாட்டிவிட்டு, வந்து குவியும் எண்களை என்ன செய்வது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சொல்தான் வழிகாட்டியது.

சென்சார் மாட்ட நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பங்காளிகள் பதினொரு பேர். இரண்டாங்கட்டு முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிட்டால் புறாத் தொல்லையும் மழைச்சாரலும் ஒழியும் என்பது ஒரு கட்சி. மூடினால் வளவு அறைகள் எல்லாம் வெந்துவிடும் என்பது மறு கட்சி. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்திலும் இதே பேச்சு. காரைக்குடியிலிருந்தபடியே கணினி வேலை பார்ப்பவன் என்பதால், ‘அளந்து சொல்லேன்’ என்று என் தலையில் கட்டினார்கள். முகப்பு, பட்டாலை, முற்றத்தைச் சுற்றிய வளவு அறைகள், இரு முற்றங்கள், மேல்தளம், அடுப்படி என்று எல்லா இடத்திலும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்க ஏற்பாடு செய்தேன். கிணற்று மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், வீட்டுக்கு வரும் மின்னழுத்தம், காற்றழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டேன். பத்து விநாடிக்கு ஓர் அளவு வீதம் ஒரு சென்சார் ஒரு நாளில் 8,640 எண்களைத் தரும். நாற்பதும் சேர்ந்து 3,45,600. இவற்றில் எது எதனோடு சேர்ந்து ஏறுகிறது, எது ஏறும்போது எது இறங்குகிறது என்பதே கேள்வி. நம் பள்ளிப் பாடநூல்கள் இதை ஒட்டுறவு என்கின்றன.

கார்ல் பியர்சனின் பெயரால் வழங்கும் ஒட்டுறவுக் கெழு −1 முதல் +1 வரை அமையும். பள்ளியில் கற்ற முறைப்படி முதலில் இரு மாறிகளின் சராசரியையும் கண்டு, பிறகு ஒவ்வோர் அளவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும். அதாவது தரவை இருமுறை படிக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் தரவுக்கு இம்முறை ஒத்துவராது. புதிதாக ஓர் எண் வந்தவுடன் சராசரி நகர்ந்துவிடும், முன்பு கண்ட விலகல்கள் அத்தனையும் மாறிவிடும். ஆனால் அதே சூத்திரத்தை விரித்து எழுதினால், எத்தனை அளவுகள் வந்தன என்ற எண்ணிக்கையோடு ஐந்து தொகைகள் மட்டும் கையில் இருந்தால் போதும் என்பது தெரியவரும். முதல் மாறியின் கூட்டுத்தொகை, இரண்டாம் மாறியின் கூட்டுத்தொகை, முதலாவதன் வர்க்கங்களின் தொகை, இரண்டாவதன் வர்க்கங்களின் தொகை, இரண்டையும் பெருக்கிய பெருக்கற்பலன்களின் தொகை. கடைக் கணக்கின் ஐந்தொகைக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தத்துக்கு மேல் உறவு கிடையாதுதான். ஆயினும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே.

ஒரு சிறு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். வெப்பம் 30, 31, 32 என்றும் ஈரப்பதம் 70, 66, 65 என்றும் மூன்று அளவுகள் வந்தன என்று கொள்வோம். வெப்பத்தின் தொகை 93, ஈரப்பதத்தின் தொகை 201, வர்க்கங்களின் தொகைகள் முறையே 2,885, 13,481, பெருக்கற்பலன்களின் தொகை 6,226. இனி மூன்று மூல அளவுகளையும் மறந்துவிடலாம். பெருக்கற்பலன் தொகையை மூன்றால் பெருக்கினால் 18,678, இரு தொகைகளையும் பெருக்கினால் 18,693, வித்தியாசம் −15. அதே முறையில் வெப்பத்துக்கு 8,655 கழித்தல் 8,649, அதாவது 6. ஈரப்பதத்துக்கு 40,443 கழித்தல் 40,401, அதாவது 42. ஆறையும் நாற்பத்திரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு −15ஐ அதனால் வகுத்தால், கெழு சுமார் −0.945. வெப்பம் ஏற ஈரப்பதம் இறங்குகிறது என்பதை மூன்றே அளவுகள் காட்டிவிட்டன. நான்காவது அளவு வரும்போது ஐந்து தொகைகளிலும் ஒவ்வொரு கூட்டல் செய்தால் வேலை முடிந்தது. மூன்றாவது அளவுக்கும் மூன்று கோடியாவது அளவுக்கும் உழைப்பு ஒன்றே.

நாற்பது மாறிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு சோடி; மொத்தம் 780 சோடிகள். ஒவ்வொரு மாறிக்கும் தனித்தொகை ஒன்று, வர்க்கத்தொகை ஒன்று, ஒவ்வொரு சோடிக்கும் பெருக்கல்தொகை ஒன்று, இவற்றோடு எண்ணிக்கை ஒன்று என்று பார்த்தால் 861 எண்களில் வீடு முழுவதும் அடங்கிவிடுகிறது. எண்ணுக்கு எட்டு பைட் என்றாலும் ஏழு கிலோபைட் ஆகாது. ஒரு சென்சார் அவ்வப்போது பேசாமல் போனால் மட்டும் இந்தச் சிக்கனம் குலையும். அப்போது ஒவ்வொரு சோடிக்கும் சேர்ந்து வந்த அளவுகளின் எண்ணிக்கை வேறுபடுவதால், சோடிக்கு ஐந்து தொகையும் ஓர் எண்ணிக்கையுமாக 4,680 எண்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வைஃபை முகப்பைத் தாண்டி மூன்றாங்கட்டு வரை ஒழுங்காக வருவதில்லை. ஆகவே எனக்கு 4,680தான்.

நிரலை எழுதி ஓடவிட்டு, முதல் நாள் இரவே தலையில் குட்டு விழுந்தது. காற்றழுத்தத்தின் பரவல், அதாவது சராசரியிலிருந்தான விலகல்களின் வர்க்கங்களுடைய சராசரி, எதிர்மறை எண்ணாக வந்து நின்றது. பரவல் என்பது வர்க்கங்களால் ஆனது. அது எக்காலத்திலும் எதிர்மறை ஆக முடியாது. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் காண முடியாமல் நிரலும் கையை விரித்தது. காரணம் மேலே போட்ட சிறு கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. 18,678, 18,693 என்னும் இரு பெரிய எண்களைக் கழித்துத்தான் −15 என்னும் சிறிய விடையைப் பெற்றோம். காற்றழுத்தம் ஆயிரத்தை ஒட்டிய எண். அதன் வர்க்கம் பத்து லட்சத்தை ஒட்டியது. ஒரு நாளின் 8,640 அளவுகளைக் கூட்டினால் தொகை 864 கோடி அளவுக்குப் போகும். இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று நான் நான்கு பைட் எண்களைப் பயன்படுத்தியிருந்தேன். அவ்வகை எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கங்கள்தாம் நம்பத்தக்கவை. 864 கோடி அளவில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியே 1,024. ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கணக்கப்பிள்ளையிடம், கோடிகளைக் கழித்துச் சில்லறை மீதியைச் சொல்லச் சொன்னது போன்ற நிலை அது.

எட்டு பைட்டுக்கு மாறினால் சிக்கல் நெடுநாள் தள்ளிப்போகும்; ஆனால் அடியோடு போகாது. (ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு கணினிப் பலகையின் R3 வரையான வகைகளில் இதைச் செய்பவர்கள் கவனிக்க: அங்கே வழக்கமாக எட்டு பைட் தரும் ‘டபுள்’ என்று அறிவித்தாலும் நான்கு பைட்தான் கிடைக்கும்.) சரியான மருந்தை வெல்ஃபோர்ட் என்பவர் 1962இல் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். மூலத் தொகைகளுக்குப் பதிலாக, அதுவரையான சராசரியையும், சராசரியிலிருந்தான விலகல்களின் வர்க்கத்தொகையையும் வைத்துக்கொள்வது அவர் முறை. புதிய அளவு வந்ததும் அது பழைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறோம். அந்த விலகலை எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியை நகர்த்துகிறோம். பழைய சராசரியிலிருந்தான விலகலையும் புதிய சராசரியிலிருந்தான விலகலையும் பெருக்கித் தொகையில் சேர்க்கிறோம். இரு மாறிகளுக்கு என்றால், ஒன்றின் விலகலைப் பழைய சராசரியிலிருந்தும் மற்றதன் விலகலைப் புதிய சராசரியிலிருந்தும் எடுத்துப் பெருக்க வேண்டும். இரண்டையும் பழையதிலிருந்து எடுப்பது எளிதில் நேரும் பிழை. நானும் ஒருமுறை செய்தேன். தொகைகள் இப்போதும் ஐந்துதான். ஆனால் அவை சிறிய எண்களாகவே இருப்பதால் இலக்கங்கள் தொலைவதில்லை.

அடுத்த அடி மின்வெட்டில் வந்தது. ஒரு நாள் பிற்பகலில் மின்சாரம் போய் வந்தபின், வீட்டின் எல்லா அறைகளும் ஒன்றோடொன்று ஏறத்தாழ 1 என்ற ஒட்டுறவு கொண்டுவிட்டன. முகப்பும் அடுப்படியும் ஒன்றாக மூச்சுவிடும் அதிசய வீடு! தோண்டிப் பார்த்தால், நான் பயன்படுத்திய டிஎஸ்18பி20 என்னும் வெப்பச் சென்சார், மின்சாரம் வந்தவுடன் முதல் அளவை எடுக்கும் முன்பே கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும் இயல்புடையது. அதன் தயாரிப்புக் குறிப்பிலேயே இது எழுதியிருக்கிறது. எல்லாச் சென்சார்களும் ஒரே கணத்தில் 85க்குத் தாவி ஒரே கணத்தில் இறங்கின. முப்பதை ஒட்டி ஊசலாடும் எண்களுக்கு நடுவே ஒரே ஒரு 85, அளவுகள் குறைவாக இருந்தால், எல்லா விலகல்களையும் விழுங்கிவிடும். பியர்சன் கெழுவின் பெருங்குறை இது.

நிரலில் 85ஐத் தடுப்பது எளிது. ஏற்கெனவே தொகையில் கலந்துவிட்ட 85ஐ எடுப்பதுதான் கடினம். கணக்கேட்டில் அழித்தெழுதும் வழக்கம் இல்லை; தவறாகப் பற்று எழுதினால் அதே தொகையை வரவு எழுதித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு எது தவறாக ஏறியது என்பது தெரிந்திருக்க வேண்டும், அதாவது சிட்டை வேண்டும். நானோ சிட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் வைத்திருந்தேன். பழைய அளவுகளை மெல்ல மறக்கச் செய்வதற்காக, ஒவ்வொரு புதிய அளவையும் சேர்க்கும் முன் தொகைகளை 0.99ஆல் பெருக்கும் முறை ஒன்று உண்டு. வட்டியைத் தலைகீழாகப் போடுவது போன்ற இம்முறையில் ஏறத்தாழ 69 அளவுகள் கழிந்தால் ஓர் அளவின் மதிப்பு பாதியாகும். பலர் இதையே பரிந்துரைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. கெட்டது எப்போது நுழைந்தது, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்குரிய ஐந்து தொகைகள். நாளுக்கு 144 பெட்டிகள். ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம் என்று எந்தக் காலத்துக்குக் கெழு வேண்டுமோ அந்தப் பெட்டிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். மின்வெட்டுப் பட்ட பெட்டியைத் தூக்கி எறியலாம். வெல்ஃபோர்ட் முறைத் தொகைகளைப் பெட்டிக்குப் பெட்டி நேராகக் கூட்டிவிட முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு பெட்டியின் சராசரியும் வேறு. அதற்கான திருத்தத்தைச் சான், கோலப், லெவெக் மூவரும் 1979இல் தந்தார்கள்: இரு பெட்டிகளின் சராசரிகளுக்கிடையிலான வித்தியாசங்களைப் பெருக்கி, அதை இரு எண்ணிக்கைகளின் பெருக்கற்பலனால் பெருக்கி, எண்ணிக்கைகளின் கூட்டால் வகுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதே திருத்தம்தான் தரவு பல கணினிகளில் சிதறிக் கிடக்கும்போதும் உதவுகிறது. ரங்கூன் கடையும் பினாங்குக் கடையும் தத்தம் சிட்டைகளைக் கப்பலேற்றாமல் கணக்குச் சுருக்கத்தை மட்டும் ஊருக்கு அனுப்பியதைப் போல, ஒவ்வொரு கணினியும் தன் தொகைகளை மட்டும் அனுப்பினால் போதும்.

எண்கள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சங்கடம் வெளிப்பட்டது. 780 சோடிகளில் பெரும்பாலானவை வலுவான ஒட்டுறவைக் காட்டின. மேல்தள வெப்பமும் மின்னழுத்தமும் எதிரெதிராக ஓடின. அடுப்படி ஈரப்பதமும் மோட்டார் மின்னோட்டமும் கைகோத்துச் சென்றன. இதைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த பெரியாத்தா, “ஊருணி வத்துறப்பதான் நாம வத்தல் போடுறோம். அதுக்காக வத்தலா தண்ணியக் குடிச்சிருச்சு?” என்றார். பிறகு நான் பேசவில்லை.

வெயில் என்னும் ஒரே காரணம் எல்லா மாறிகளையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. இரு மாறிகளும் வெயிலோடு தலா 0.9 ஒட்டுறவு கொண்டிருந்தால், அவற்றுக்குள் எந்த நேரடித் தொடர்பும் இல்லாவிட்டாலும், 0.9ஐ 0.9ஆல் பெருக்கிய 0.81 அவற்றிடையே தோன்றும். பகுதி ஒட்டுறவு என்னும் கணக்கு இந்த 0.81ஐக் கழித்து மிச்சத்தைக் காட்டுகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மிச்சம் சுழியம். இதற்குத் தேவையான மூன்று கெழுக்களும் ஏற்கெனவே தொகைகளுக்குள் இருப்பதால் புதிய செலவு எதுவும் இல்லை. ஆனால் வெயிலை அளக்கும் சென்சார் நாற்பதில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். நல்லவேளையாக மேல்தளத்தில் ஒன்று வைத்திருந்தேன். காலத்தோடு சேர்ந்து நகரும் எதுவும் எதனோடும் ஒட்டும் என்பதை யூல் என்னும் புள்ளியியலாளர் 1926லேயே காட்டியிருக்கிறார். இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரை, மொத்தத் திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் விகிதத்துக்கும் இறப்பு விகிதத்துக்கும் இடையே கெழு 0.95 என்று வந்தது. இரண்டும் அக்காலத்தில் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான் உறவு.

வெயில் பொய்யான உறவைக் காட்டியது என்றால், எங்கள் சுவர்கள் மெய்யான உறவை மறைத்தன. தடித்த சுண்ணாம்புச் சுவர் பகல் வெப்பத்தை வாங்கி உள்ளே விடுவதற்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளுக்கு ஒருமுறை சீராக ஏறி இறங்கும் இரு அலைகளில் ஒன்று ஆறு மணி நேரம் பிந்தினால், முழு நாளுக்கும் எடுத்த ஒட்டுறவு சரியாகச் சுழியம். பன்னிரண்டு மணி நேரம் பிந்தினால் −1. வெளி வெப்பத்தை அப்படியே அடியொற்றும் ஓர் அறை, தொடர்பே இல்லாத அறையாகவோ எதிரியாகவோ தோன்றக்கூடும். எனவே காலத்தை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒன்றாக இருபுறமும் பன்னிரண்டு மணி வரை நகர்த்தினால் சோடிக்கு 49 நிலைகள். மொத்தம் 38,220 கெழுக்கள். இங்கேதான் ஐந்து தொகை போதாமல் போகிறது: ஒவ்வொரு நகர்வுக்கும் தனிப் பெருக்கல்தொகை வேண்டும். எந்த நகர்வுகளைக் கேட்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், எண்கள் ஓடிப்போன பின் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. மூலத்தை எறிந்துவிட்டுத் தொகையை வைத்துக்கொள்ளும் எந்த முறைக்கும் உள்ள விலை இது. நான் பத்து நிமிடச் சராசரிகளை மட்டும் தனியாகச் சேமித்து இந்த விலையைக் குறைத்துக்கொண்டேன்; சுவர் விஷயத்துக்கு அந்த நுணுக்கம் தாராளம்.

இத்தனை கெழுக்களைப் பார்க்கும்போது தற்செயலும் விளையாடும். தற்செயலால் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பை வைத்தால், எந்த உறவும் இல்லாத 780 சோடிகளிலேயே சுமார் 39 சோடிகள் உறவுள்ளவை போல் தேறிவிடும். 38,220இல் ஏறத்தாழ 1,900. பெஞ்சமினி, ஹோக்பெர்க் என்னும் புள்ளியியலாளர் இருவரும் 1995இல் தந்த முறைப்படி வரம்பை இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அதைவிடப் பெரிய ஏமாற்று, அளவுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 8,640 அளவுகள் உண்மையாகவே ஒன்றையொன்று சாராதவை என்றால் 0.021க்கு மேற்பட்ட கெழுவெல்லாம் பொருளுள்ளது என்று சூத்திரம் சொல்லும். பத்து விநாடி முன்பு 31.2 என்று சொன்ன சுவர் இப்போதும் 31.2 என்றே சொல்கிறது. அது புதுச் சாட்சியம் ஆகாது. சாட்சியத்தின் கணக்கில் ஒரு நாள் ஒரு நாள்தான்.

என் பிழைப்புக்கான வேலையில் நாற்பது மாறிகள் என்பது சிரிப்புக்குரிய எண். பத்தாயிரம் தரவு ஓடைகள் என்றால் சோடிகள் 4,99,95,000. எல்லாவற்றையும் நொடிக்கு நொடி கணக்கிடுவது வீண் செலவு. ஓடைகளைச் சராசரி சுழியமும் வர்க்கங்களின் தொகை ஒன்றுமாக ஒழுங்குபடுத்திவிட்டால், இரண்டுக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கம், 1இலிருந்து கெழுவைக் கழித்து இரண்டால் பெருக்கியதற்குச் சமம். ஆகவே ஒட்டுறவு மிகுந்தவை பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். ஜூவும் ஷாஷாவும் 2002இல் வெளியிட்ட ஸ்டாட்ஸ்ட்ரீம் என்னும் முறை, ஒவ்வோர் ஓடையையும் சில ஃபூரியே கெழுக்களாக, அதாவது ஓடையைச் சீரான அலைகளாகப் பிரித்தால் கிடைக்கும் எண்களாக, சுருக்கிக் கட்டங்களில் போட்டு, அண்டைக் கட்டங்களில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுகிறது. சீரற்றுத் துள்ளும் ஓடைகளைச் சில ஃபூரியே கெழுக்களால் சுருக்க இயலாது. அங்கே +1, −1 என்று தற்செயலாக எடுத்த வரிசைகளோடு பெருக்கிக் கிடைக்கும் சில எண்களைச் சாயலாக வைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குத் திரும்புவோம். வெயிலைக் கழித்து, காலத்தை நகர்த்திப் பார்த்த பின்பு, மேற்குப் பக்க வளவு அறைகள் மேல்தளத்தைப் பிந்தித் தொடர்வது தெளிவாகவே நின்றது. இரண்டாங்கட்டு முற்றத்தோடு அவற்றுக்கு மிச்சமிருந்த உறவு மெல்லியது. ஷீட் கட்சியினர் இதைக் கேட்டவுடன் வெற்றி என்றார்கள். நான் ஒப்பவில்லை. இத்தனை அளவுகளும் முற்றம் திறந்திருந்த நாள்களில் எடுத்தவை. மூடிய முற்றம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒருநாளும் மூடாத முற்றத்தின் தரவு எப்படிச் சொல்லும்? பெரியப்பாதான் வழி சொன்னார்: கல்யாணப் பந்தலுக்குப் போடும் படுதாவை ஒரு வாரம் கட்டுவது, மறு வாரம் அவிழ்ப்பது, எந்த வாரம் கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. படுதாவும் ஃபைபர் ஷீட்டும் ஒன்றல்ல என்ற முணுமுணுப்பு எழுந்தது, அது நியாயமும்கூட. ஆனாலும் பதினொரு பேரும் ஒப்பினார்கள். சித்திரை முதல் வாரத்துக்குக் கட்டுவது என்று சீட்டு விழுந்திருக்கிறது. நிரலில் நாற்பத்தொன்றாவது மாறி ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். படுதா இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சோடிகள் இப்போது 820.